யார் பூட்டினார்?

(தென்காசியில் இளைஞர்களுக்கென நடந்த தமிழ்க் கூட்டமொன்றில் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

புணர்ச்சியும் யாப்பும் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவனைக் கணினியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். 'இவர்க்கும் கணினிக்கும் என்ன உறவு?' என்று பின்வரிசையில் யாரேனும் முணுமுணுத்தால், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவ்வினாவை என்னிடம் நானே கேட்டுக்கொண்டுதான் இம்மேடை ஏறினேன். ஆயினும், சென்ற சாரற்பருவத்தில் என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. அது கணினிச் செய்தியும் ஆகும். இலக்கணச் செய்தியும் ஆகும்.

நம் தென்காசி 2019 நவம்பர் 22-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 2011-இல், மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் தன் அலுவலகத்தைத் திறந்தது. குற்றாலத்துச் சாரல் வந்து விழும் வயல்வெளியில் அமர்ந்து, கடல்கடந்த நாட்டார்க்கு மென்பொருள் எழுதுவது இன்று நமக்குப் புதுமையன்று. நம் பிள்ளைகள் எழுதுகின்றார்கள், நன்றாகவே எழுதுகின்றார்கள். எனக்கு இருந்த கவலை வேறு. பகலெல்லாம் தான் செய்த வேலை இன்னது என்று, மாலையில் தன் தாயிடம் ஒரு பிள்ளையால் தமிழில் சொல்ல முடிகின்றதா? சொல்ல முடியாத ஒன்றை அப்பிள்ளை முழுமையாக எண்ணிப் பார்த்திருக்கத்தான் முடியுமா?

இக்கவலையோடு நான் இருந்த நாளில்தான், என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் வீட்டிற்கு வந்தார். இப்பொழுது பொறியியல் பயில்கின்றார். அவரும் தோழியர் இருவரும் விடுமுறையில் ஒரு சிறு கருநிரலைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கருநிரல் என்பது யாது? கணினி என்னும் பொறி வெறும் உடம்பு. அதில் பல நிரல்களை இடித்துக்கொள்ளாமல் ஓடவிட்டு, நினைவகத்தைப் பங்கிட்டு, விசைப்பலகைக்கும் திரைக்கும் வட்டுக்கும் இடையே ஆளுமை செய்வது இயங்குதளம். அவ்வியங்குதளத்தின் உள்ளீடாக, விதைக்குள் பருப்பாக இருப்பதே கருநிரல். ஆங்கிலத்தார் 'கெர்னல்' என்னும் சொல்லால் குறிப்பதும் விதைக்குள் இருக்கும் பருப்பையே. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்ட்சு எழுதத் தொடங்கிய இலினக்சு அத்தகைய ஒரு கருநிரல். உங்கள் பைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுவதும் அதுவே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைத்த 'சக்தி' வகைச் செயலி 2018-இல் இயங்கிக் காட்டியதும் அந்த இலினக்சைத்தான். ஆகவே, கருநிரலைத் தொட்டுப் பார்க்கத் துணியும் பிள்ளை சிறு பிள்ளையன்று என்று அறிக.

வந்த மாணவி என்னிடம் கேட்டது இரண்டே. பள்ளிச் சிறார் முன் தங்கள் பணியைத் தமிழில் விளக்க வேண்டும். அதற்குச் சொற்கள் வேண்டும். அது முதலாவது. 'ஐயா, நாங்கள் எழுதியது இடையிடையே செத்துப்போகின்றது. ஏனென்று மூன்று நாளாகத் தெரியவில்லை. அதையும் சேர்த்து எப்படிச் சொல்வது?' என்றார். இது இரண்டாவது. முதலாவதற்கு விடை தேடப் போய், இரண்டாவதற்கும் விடை கிடைத்ததே நான் சொல்லவந்த கதை.

முதலில் ஒரு சொல்லை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். அது 'குறுக்கீடு'.

செயலி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது. அப்பொழுது நீங்கள் ஒரு விசையை அழுத்துகின்றீர்கள். விசைப்பலகை செயலியின் கதவைத் தட்டுகின்றது. செயலி தன் வேலையை விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, வந்த செய்தியைக் கேட்டு, உரியதைச் செய்து, மீண்டும் விட்ட இடத்திற்கே திரும்புகின்றது. இத்தட்டுதலே குறுக்கீடு. வட்டும் தட்டும், வலையமும் தட்டும், காலங்காட்டியோ நொடிக்குப் பன்முறை தட்டும். இக்குறுக்கீடுகளால்தான் கணினிக்கு உலகம் தெரிகின்றது. இவையே அதன் செவி.

சில வேளைகளில் அச்செவியை அடைத்தாக வேண்டும். விடைத்தாள் எண்ணும் ஆசிரியனை நினையுங்கள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்பொழுது ஒருவர் வந்து, 'நாளை பள்ளி உண்டா?' என்றால், எண்ணிக்கை போயிற்று. ஆகவே கதவைத் தாழிட்டுக்கொண்டு எண்ணுகின்றான், முடிந்ததும் திறக்கின்றான். கருநிரலும் அவ்வாறே, ஒரு பட்டியலைப் பாதி மாற்றியிருக்கையில் குறுக்கீடு வந்து குலைத்துவிடாதபடி, சிறுபொழுது செவியடைத்துக்கொள்கின்றது. இது குற்றமன்று, கடமை. ஆனால் ஒரு வரம்பு உண்டு. அடைப்பது இமைப்பொழுதுக்கே, அடைத்தவர் திறந்தே ஆகவேண்டும்.

திறக்காவிட்டால்? அதுதான் நம் மாணவியின் கணினிக்கு நேர்ந்தது. திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த மணிகாட்டி நின்றுவிடும். விசைகளை அழுத்தினால் எழுத்து வாராது. விளக்கு எரியும், காற்றாடி சுழலும், ஆனால் கூப்பிட்டால் மறுமொழி இல்லை. பார்ப்பவர் 'செத்தது' என்பர். உண்மையில் அது சாகவில்லை. உள்ளே முழு விரைவில் ஓடிக்கொண்டேயிருக்கின்றது. செவிதான் இல்லை. இறந்தவனும் செவிடனும் அழைத்தால் திரும்பமாட்டார் என்பதனால் இருவரையும் ஒன்றாகக் கொள்ளலாமா? வழு தேடுவார் முதலில் செய்யவேண்டியது இவ்வேறுபாட்டை அறிவதே.

'வழு' என்று சொன்னேன். கணினித் துறையார் 'பூச்சி' என்று ஆங்கிலத்தில் வழங்குவதற்கு நேரான சொல்லைத் தேடி நாம் எங்கும் அலையவேண்டா. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் வழுவையும் வழாநிலையையும் பற்றியதே. முறை தவறியது வழு. அதைக் களைவது வழுக்களைதல். இச்சொல்லை மாணவியிடம் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. 'பூச்சி என்றால் அது எங்கிருந்தோ வந்து புகுந்தது போலிருக்கின்றது, ஐயா. வழு என்றால் நாங்கள் செய்தது என்பது தெரிகின்றது' என்றார். சொல் தரும் அறிவு என்பது இதுதான்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று நாளும் முறையாகவே தேடியிருந்தார். நிரலின் ஒவ்வோர் அடியிலும், கம்பி வழியே வேறொரு கணினிக்கு ஓரெழுத்து அனுப்புமாறு எழுதினார். கடைசியாக வந்த எழுத்தைக் கொண்டு, நின்ற இடத்தை அறியலாம் அன்றோ? நல்ல வழிதான். ஆனால் எழுத்துகளைச் சேர்த்ததும் வழு மறைந்தது, எடுத்ததும் வந்தது! ஏன் தெரியுமா? ஓரெழுத்தை அனுப்பவும் சிறிது பொழுது ஆகின்றது. அப்பொழுது கூடியதனால் குறுக்கீடு வந்து விழும் இடம் மாறிப்போயிற்று. தேடுவோர் விளக்கை ஏற்றினால் ஒளிந்துகொள்ளும் கள்ளன் இவன்.

இக்கள்ளனைக் கண்டு அஞ்சியவர் நம் மாணவி மட்டும் அல்லர். கணினியறிஞருள் தலைசிறந்தவராகிய எட்சுகர் தைக்சுதிரா, 1950-களின் பிற்பகுதியில் ஆம்சுட்டர்டாம் நகரில் எக்சு-1 என்னும் கணினிக்குக் குறுக்கீட்டைக் கையாளும் நிரலை எழுத நேர்ந்தபொழுது, மிகவும் தயங்கினார். குறுக்கீடு எந்த இடத்தில் வந்து விழும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே ஒருமுறை வந்த வழுவை மறுமுறை வரவழைத்துக் காட்டவும் இயலாது என்பதே அவர் அச்சம். பின்னர்த் துணிந்து எழுதினார்; 1959-இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடு அதைப் பற்றியதே. அத்தகையாரே தயங்கிய இடத்தில் நம் பிள்ளை மூன்று நாள் தடுமாறியது இழுக்கன்று.

எழுத்து வழி பயன்படாதபொழுது, மாணவி பொய்க்கணினி வழியைக் கையாண்டார். கணினிக்குள் இன்னொரு கணினியை நடத்திக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. பிரான்சு நாட்டு பேபிரிசு பெலார் தொடங்கி 2003-இல் வெளிவந்த கியூஎமு அவற்றுள் ஒன்று. அதற்குள் தம் கருநிரலை ஓடவிட்டு, அது செவிடான வேளையில் வெளியிலிருந்து உறையச் செய்து, உள்ளே திறந்து பார்த்தார். இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று: செயலி மூன்றே கட்டளைகளைச் செக்குமாடுபோல் மீண்டும் மீண்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றொன்று: செயலியின் கொடிப் பதிவகத்தில், சுழியிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் இடத்தில் நிற்கும் குறுக்கீட்டுக் கொடி தாழ்ந்திருந்தது. அதாவது, செவி அடைந்திருந்தது.

அந்த மூன்று கட்டளைகள் எவை? பூட்டுக்காகக் காத்திருப்பவை. பலர் தொடும் ஒரு பெட்டியை ஒரு நேரத்தில் ஒருவரே தொடவேண்டும் என்பதற்காக நிரலில் பூட்டு வைப்பர். பூட்டியிருந்தால், 'திறந்ததா? திறந்ததா?' என்று கேட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். இதைச் 'சுழற்பூட்டு' என்றோம். மாணவி, பூட்டியவர் திறக்க மறந்திருப்பார் என்று எண்ணி, பூட்டும் இடத்தையெல்லாம் தேடித் தேடிப் பார்த்திருக்கின்றார். ஒவ்வொன்றிலும் திறப்பும் இருந்தது. எங்கும் மறதி இல்லை. பின் எப்படி?

இங்கேதான் தமிழாசிரியன் உள்ளே வருகின்றான். கணினி அறியாத நான் அவரிடம், 'நின்றபொழுது நடந்ததைக் கதைபோல் சொல், அம்மா' என்றேன். அவர் சொன்னார்:

'விசை அழுத்தப்படுகின்றது, ஐயா. குறுக்கீடு எழுப்பப்படுகின்றது. விசைப்பெட்டி பூட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே நிரல் காக்கவைக்கப்படுகின்றது. பூட்டு விடுவிக்கப்படவேயில்லை.'

நான் சிரித்துவிட்டேன். 'ஐந்து தொடர் சொன்னாய். ஐந்திலும் ஆளைக் காணோமே! எல்லாம் செயப்பாட்டுவினை. பத்தாம் வகுப்பில் இதற்கு நான் எத்தனை மதிப்பெண் குறைத்திருப்பேன்? எழுவாயை வைத்துச் சொல்' என்றேன்.

செயப்பாட்டுவினை தமிழுக்கு அயலன்று. பழைய நூல்களிலும் உண்டு. வேண்டிய இடத்தில் அது வேண்டும். ஆனால் ஆங்கிலத்தின் நிழலில் எழுதப் பழகிய நாம், தொட்ட இடத்திலெல்லாம் 'பட்டது, பட்டது' என்று எழுதிச் செய்தவனை மறைத்துவிடுகின்றோம். ஆளைக் காட்டாத தொடரில் வழு வசதியாக ஒளிந்துகொள்ளும்.

மாணவி மீண்டும் தொடங்கினார். பெட்டியிலிருந்து விசைகளை எடுக்கும் பகுதிக்கு 'எடுப்பான்' என்றும், குறுக்கீடு வந்ததும் பெட்டியில் விசையை வைக்கும் பகுதிக்கு 'வைப்பான்' என்றும் இருவர்க்கும் பெயரிட்டோம். பின்னர் உரையாடல் இவ்வாறு நடந்தது.

'யார் காத்திருக்கின்றார்?'

'வைப்பான், ஐயா.'

'எதற்கு?'

'பெட்டியின் பூட்டுத் திறப்பதற்கு.'

'யார் பூட்டினார்?'

'எடுப்பான்.'

'எடுப்பான் இப்பொழுது எங்கே?'

'பூட்டியபின், திறக்கும் முன், பாதி வழியில் நிற்கின்றான்.'

'ஏன் நிற்கின்றான்?'

'நிறுத்தப்பட்டிருக்கின்றான்.'

'மறுபடியும் பட்டதா? யார் நிறுத்தினார்?'

மாணவி வாய் திறந்தார், சொல் வரவில்லை. சாரல் திண்ணை ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சிறிது பொழுது கழித்து மெல்லச் சொன்னார்: 'வைப்பான்தான் ஐயா நிறுத்தினான். குறுக்கீடாய் வந்தவன் அவன்தானே! எடுப்பானைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, அந்த எடுப்பான் வந்து திறப்பான் என்று காத்திருக்கின்றான். அவன் திரும்பிப் போனால்தான் எடுப்பான் நகர்வான். எடுப்பான் நகர்ந்தால்தான் இவன் திரும்புவான்.'

வருகைப் பதிவேட்டை மடியில் வைத்திருக்கும் ஆசிரியனைத் தலைமையாசிரியர் திடுமென அழைத்து, 'அப்பதிவேட்டைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்' என்கின்றார். அவனோ, 'பதிவேட்டை வைத்திருப்பவர் முடித்துத் தரட்டும்' என்று வாயிலில் நின்றுகொண்டிருக்கின்றான். வைத்திருப்பவன் அவனே! ஒரே ஒரு செயலி உள்ள கணினியில் நடந்தது இதுதான். குறுக்கீட்டுப் பணிக்குள் புகும்பொழுதே செயலி செவியை அடைத்துவிட்டமையால், வெளியிலிருந்து காலங்காட்டிகூட உள்ளே வந்து இதைக் கலைக்க இயலவில்லை.

எடுப்பான் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கும் அந்த மிகச் சிறு இடைவெளிக்குள் ஒரு விசை விழுந்தால் மட்டுமே இது நேரும். ஆகவேதான் எப்பொழுதோ ஒருமுறை வந்தது. விரைந்து தட்டெழுதியபொழுது அடிக்கடி வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கின்றேன். திண்ணைப் பேச்சு மெய்ப்பு ஆகாது. மாணவி அதை அறிவார். உடனே வீட்டிற்குச் சென்று, உறைந்த பொய்க்கணினியில் திரும்புமிடங்களைக் குறித்துவைக்கும் அடுக்கைப் பிரித்துப் பார்த்தார். மேலே வைப்பானின் தடம். அதன் அடியில், பாதி வழியில் நின்ற எடுப்பானின் தடம். கள்ளனின் கால்சுவடு மூன்று நாளும் அங்கேயே கிடந்திருக்கின்றது! மேல்தடத்தைக் கண்டவர், 'இதற்கு முன் யார்?' என்று கீழே பார்க்கவில்லை, அவ்வளவே.

திருத்தம் எளிது. எடுப்பான் பெட்டியைப் பூட்டுமுன் செவியை அடைத்துக்கொள்ள வேண்டும். பூட்டைத் திறந்தபின் செவியைத் திறக்க வேண்டும். அப்பொழுது நடுவில் வைப்பான் வரமாட்டான். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'முடிந்ததும் திற' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாகாது. எடுப்பானை அழைத்தவர் முன்பே தம் வேலைக்காகச் செவியை அடைத்திருந்தால், இவன் திறந்துவிடுவது அவர் வேலையைக் கெடுக்கும். ஆகவே, உள்ளே நுழையும்பொழுது கதவு எந்நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள். வெளியேறும்பொழுது அந்நிலைக்கே மீட்டு வை. இலினக்சுக் கருநிரலும் இம்முறைக்கெனத் தனிக் கட்டளை இணையை வைத்திருக்கின்றது. பிறர் வீட்டில் புழங்குவோர்க்கும் இது நல்ல ஒழுக்கம் அன்றோ?

இப்பொழுது நீங்கள் கேட்கலாம்: 'பொய்க்கணினியில் ஓடினால் வெளியிலிருந்து பார்க்கலாம், மெய்க்கணினி செவிடானால் என் செய்வது?' நல்ல கேள்வி. குற்றாலம் பேரருவிக்கு அடியில் நிற்பவனை நினையுங்கள். கரையிலிருந்து யார் கூவினாலும் அவன் செவியில் ஏறாது, இரைச்சல் அடைத்துவிட்டது. ஆனால் ஒருவர் நீருக்குள் இறங்கி அவன் தோளைப் பற்றி இழுத்தால்? அதைத் தடுக்க எந்த இரைச்சலாலும் ஆகாது. செயலிக்கும் அத்தகைய கை ஒன்று உண்டு. எல்லாக் குறுக்கீட்டையும் அடைத்தாலும் அடைபடாத தனிக் குறுக்கீடு அது. 1978-இல் வெளிவந்த இன்டெல் 8086 செயலியிலேயே அதற்கெனத் தனி முனை வைத்தார்கள். அதைத் 'தடுக்கலாக் குறுக்கீடு' என்று வழங்கலாம்.

இலினக்சு இதைக் கொண்டு ஒரு காவல் அமைத்திருக்கின்றது. காலங்காட்டியின் எளிய குறுக்கீடு, இயல்பான அமைப்பில், 4 நொடிக்கு ஒருமுறை வந்து 'இருக்கின்றேன்' என்று ஒரு கோடு கிழித்துச் செல்லும். தடுக்கலாக் குறுக்கீடு ஏறத்தாழ 10 நொடிக்கு ஒருமுறை வந்து, கோடு கூடியிருக்கின்றதா என்று பார்க்கும். கூடவில்லையெனில், இச்செயலி செவிடாகிவிட்டது என்று பொருள். உடனே அது சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தையும், அடுக்கில் உள்ள தடங்களையும் எழுதி வெளியிடும். சில வகைச் செயலிகளில் இத்தகைய கை இல்லை. அவற்றிற்காக, 2023-இல் வந்த இலினக்சு 6.5-இல், ஒவ்வொரு செயலியும் தன் பக்கத்துச் செயலியின் கோட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்டையார் காவலைச் சேர்த்தார்கள். வாயிற்கதவு நெடுநேரம் திறவாதிருந்தால் அடுத்த வீட்டார் வந்து எட்டிப் பார்க்கும் நம் தெருவின் வழக்கம் அங்கே புகுந்துவிட்டது.

இதனினும் மேலான ஒன்றும் உண்டு. நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன் காப்பது நன்று. 2006-இல் அங்கேரி நாட்டு இங்கோ மோல்னாரும் அவருடன் உழைத்தாரும் இலினக்சில் ஒரு கணக்கனை அமர்த்தினார்கள். ஒவ்வொரு வகைப் பூட்டையும் யார் பூட்டினார், செவி திறந்திருந்ததா அடைந்திருந்ததா, குறுக்கீட்டுப் பணிக்குள்ளும் அதே பூட்டைத் தொட்டாரா என்று அவன் குறித்துக்கொண்டே வருவான். இன்று கணினி நிற்காவிட்டாலும், 'இவ்விரண்டும் ஒருநாள் மோதும்' என்று முன்கூட்டியே கூவிவிடுவான். அவன் கேட்கும் வினாவும் திண்ணையில் நான் கேட்டதே: யார் பூட்டினார்? எந்நிலையில் பூட்டினார்?

மண்ணுலகில் மட்டுமன்று, செவ்வாய்க்கோளிலும் இவ்வினாவே விடை தந்தது. 1997 சூலை 4-இல் அமெரிக்கர் அனுப்பிய 'பாத்துபைண்டர்' கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானே அணைந்து அணைந்து மீண்டும் தொடங்கிற்று. அங்கே செவியடைப்பு இல்லை. ஆயினும் வழு நெருங்கிய உறவினது. பொறியாளர்கள் அதே போன்ற கணினியை இங்கே நிலத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு நிகழ்வையும் பதிவு செய்து, அதே நிலையை வரவழைத்தார்கள். கடைநிலைப் பணி ஒன்று ஒரு பொதுப்பொருளைக் கையில் வைத்திருந்தது; தலைநிலைப் பணி அதற்குக் காத்திருந்தது; இடைநிலைப் பணிகளோ கடைநிலைப் பணியை ஓடவிடாமல் தாமே ஓடின. குறித்த பொழுதுக்குள் வேலை முடியாமையால் கணினி தன்னைத் தானே மீட்டுத் தொடங்கிற்று. யார் வைத்திருக்கின்றார், அவரை யார் நிறுத்தினார் என்று கண்டதும், ஓர் அமைப்பை மாற்றும் ஆணையை இங்கிருந்தே அனுப்பித் தீர்த்தார்கள்.

இளைய தோழர்களே! செவியடைத்துச் செவிடாகும் வழுக்கள் பெரும்பாலும் மூவகை. அடைத்தவர், இடையில் வேறு வழியாய் வெளியேறித் திறக்க மறப்பது முதல்வகை. செவியை அடைத்துக்கொண்டே, வெளியிலிருந்து செவி வழியாக மட்டுமே வரக்கூடிய ஒன்றுக்குக் காத்திருப்பது இரண்டாம் வகை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, 'சுண்ணக்கோல் கொண்டுவரச் சொன்னேனே, இன்னும் ஏவலர் வரவில்லையே' என்று அமர்ந்திருப்பது போன்றது. ஏவலரோ வெளியே தட்டிக்கொண்டிருக்கின்றார்! தன் கையிலுள்ள பூட்டுக்குத் தானே காத்திருப்பது மூன்றாம் வகை; நம் மாணவி கண்டது அது. மூன்றுக்கும் மருந்து ஒன்றே: ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தேடுங்கள். யார் அடைத்தார்? யார் திறக்க வேண்டும்? அவர் இப்பொழுது எங்கே? அவரை நிறுத்தியவர் யார்?

தமிழ் அந்த வழுவைத் தீர்த்தது என்று நான் மார்தட்டமாட்டேன். தீர்த்தது அம்மாணவியின் மூன்று நாள் உழைப்பு. அவ்வினாவை எம்மொழியிலும் கேட்கலாம்; செவ்வாய்க்கலத்தார் ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள். ஆனால் நம் பிள்ளைக்கு ஆங்கிலம் மனப்பாடமாக வந்தது. தமிழ் எண்ணமாக வந்தது. மனப்பாடம் வழுவை மூடி வைத்தது. எண்ணம் அதைத் திறந்தது. இவ்வேறுபாட்டைத்தான் நான் உங்கள் முன் வைக்கின்றேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் களைந்த ஒவ்வொரு வழுவையும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வையுங்கள். என்ன கண்டேன், என்ன எண்ணினேன், எதனால் தெளிந்தேன், எப்படித் திருத்தினேன் என்று நான்கு வரி போதும். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்; நல்ல சொல் பின்னால் வரும். சொல்லுக்காக வேலையை நிறுத்த வேண்டா. வேலைக்காகச் சொல்லை மறக்கவும் வேண்டா. அத்தகைய நூறு குறிப்பேடுகள் சேர்ந்தால், அடுத்த தலைமுறை மூன்று நாள் தேடவேண்டியதை ஒரு மாலையில் கண்டுகொள்ளும்.

கடைசியாக, தூய்தமிழ் அன்பர்களாகிய நமக்கும் அக்கருநிரல் ஒரு பாடம் சொல்கின்றது. நம் மொழிவீட்டை ஒழுங்கு செய்யச் சில வேளை கதவை அடைக்கின்றோம். அது கடமை. ஆனால் அடைப்பது ஒழுங்கு செய்யும் அளவுக்கே. அறிவு வந்து தட்டும்பொழுது திறக்கும் கை நம் கையாகவே இருக்க வேண்டும். செவியடைத்தே இருந்துவிட்டால், உள்ளே நாம் எவ்வளவு விரைந்து சுழன்றாலும், வெளியிலிருந்து பார்ப்பவர் நம்மைச் 'செத்தது' என்றே சொல்வர்.

அம்மாணவி சாரல் முடியுமுன்னரே பள்ளிச் சிறார் முன் நின்று பேசினார். கருநிரல், குறுக்கீடு, சுழற்பூட்டு, எடுப்பான், வைப்பான் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னார். கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, 'அக்கா, அப்படியானால் பூட்டியவர் தூங்கிப்போனால் என்ன ஆகும்?' என்று கேட்டான். கருநிரல் எழுதுவோர் உண்மையிலேயே அஞ்சவேண்டிய கேள்வி அது! சொல் புரிந்தது, ஆகவே கேள்வி பிறந்தது. இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?